வராதவர்களின் கணக்கு: கிராம சுகாதார சேவையை ஆண்டுக்கணக்கில் அளப்பது எப்படி?

ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆண்டறிக்கை நம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போன ஆண்டைவிட இந்த ஆண்டு புறநோயாளிகள் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறார்கள். இது நல்ல சேதியா? நிலையத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை வந்திருக்கலாம். ஊரில் காய்ச்சல் பரவியிருக்கலாம். பக்கத்து ஊரில் மருத்துவர் பணியிடம் காலியாகி, அங்கே போய்க்கொண்டிருந்தவர்கள் இங்கே வரத் தொடங்கியிருக்கலாம். இன்னொன்றும் நடந்திருக்கலாம். மாத்திரைத் தட்டுப்பாடு வந்து, மாதத்துக்கு ஒருமுறை கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையை வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கத் தொடங்கியிருந்தால், அதே ஆள் மாதத்தில் நான்கு முறை வருவார், பதிவேட்டில் நான்கு வருகையாக ஏறுவார். இந்த நான்கில் முதலாவது மட்டுமே சேவை மேம்பட்டதற்கான அடையாளம். கடைசியானது சேவை கெட்டுப்போனதற்கான அடையாளம். அறிக்கையில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் நிற்கும்.

பள்ளியில் பின்னம் படித்தபோது மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லிக்கொடுத்தார்கள். சுகாதார நிலையங்கள் தொகுதியைக் கவனமாகவே எழுதி வைக்கின்றன: வந்தவர்கள், தடுப்பூசி போட்டவர்கள், பிரசவம் ஆனவர்கள். பகுதியில் இருக்க வேண்டியவர்கள் அந்த எல்லைக்குள் வாழும் அத்தனை பேரும். அந்த எண்தான் பல இடங்களில் பழைய கணக்கெடுப்பிலிருந்து உத்தேசமாக எடுக்கப்படுகிறது. தடுப்பூசி பெற்றவர்களின் விகிதம் நூறு சதவீதத்தைத் தாண்டிப்போகும் விசித்திரம் உலகெங்கும் அறிக்கைகளில் வருவது இதனால்தான். ஒரு சேவை பத்து, இருபது ஆண்டுகளில் தன் மக்களுக்கு என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால், வாசலுக்கு வந்தவர்களை எண்ணினால் போதாது. வராதவர்கள் யார், ஏன் வரவில்லை, அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

இதை ஒழுங்கான முறையாக எழுதி வைத்தவர் தனஹாஷி. 1978ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வந்த அவருடைய கட்டுரை, ஒரு சேவை மக்களை அடைவதை ஐந்து படிகளாகப் பிரித்தது. முதலில் மருந்தும் ஆளும் அங்கே இருக்க வேண்டும். அப்புறம் மக்களால் அங்கே போய்ச்சேர முடிய வேண்டும். போக அவர்களுக்கு மனம் வர வேண்டும். போனவர்களுக்குச் சேவை உண்மையிலேயே கிடைக்க வேண்டும். கிடைத்தது பலன் தர வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பேர் உதிர்ந்துவிடுகிறார்கள். எந்தப் படியில் அதிகம் பேர் உதிர்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் மதிப்பீடு. தூரம் தடுக்கிறதா, கூலி போய்விடும் என்ற பயம் தடுக்கிறதா, முன்பு ஒருமுறை பட்ட அவமானம் தடுக்கிறதா என்று பிரித்துப் பார்க்காமல் 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்று எழுதிவிடும் அறிக்கைகள் எனக்கு மனவருத்தம் தருபவை. வராதவர்மேல் பழியைப் போட்டுவிட்டால் அதன்பின் தேட எதுவும் இருக்காது.

அதே 1978ல்தான் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா அட்டா நகரில் 134 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, ஆரம்ப சுகாதாரம்தான் எல்லோருக்கும் நலவாழ்வு தருவதற்கான வழி என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பில் சிகிச்சை மட்டும் இல்லை. குடிநீர், ஊட்டச்சத்து, தாய்சேய் நலம், தடுப்பூசி, நோய்க் கட்டுப்பாடு எல்லாமே இருந்தன. அடுத்த ஆண்டே, இவ்வளவும் ஒரே நேரத்தில் முடியாது, செலவுக்கேற்ற பலன் தரும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்ற வாதம் எழுந்தது. அதற்கு ஓர் ஈர்ப்பு இருந்தது: சிலவற்றை அளப்பது எளிது. எது எளிதாக அளக்கப்படுகிறதோ அதுவே நாளடைவில் சேவையாகிவிடும் ஆபத்து அப்போதிருந்தே தொடர்கிறது.

கட்டடம் இருக்கிறது, கதவு?

மருத்துவத் தரத்தை அளப்பதில் இன்றும் எல்லோரும் பிடித்துக்கொள்ளும் சட்டகம் அவெடிஸ் டோனபெடியன் 1966ல் தந்தது. அமைப்பு, செயல்முறை, விளைவு என்ற மூன்று. கட்டடம், ஆள், மருந்து, கருவி எல்லாம் அமைப்பு. வந்தவரை முறையாகப் பரிசோதித்தார்களா, சரியான மருந்து கொடுத்தார்களா, மறுபடி வரச் சொன்னார்களா என்பது செயல்முறை. நோய் தீர்ந்ததா, உயிர் காத்ததா என்பது விளைவு. அரசுகளுக்கு முதலாவது பிடிக்கும். திறப்பு விழா நடத்த முடியும், எண்ணவும் முடியும்.

ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டக் கிராமங்களில் 2000களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் வாரம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல், துணை சுகாதார நிலையங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். திறந்திருக்க வேண்டிய நேரத்தில் 56 சதவீதம் மூடிக்கிடந்தன. எந்த நாளில், எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று ஊகிக்கவும் முடியவில்லை. அமைப்பைப் பட்டியலிட்டால் அந்த நிலையங்கள் எல்லாம் 'இருக்கின்றன'. ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்கு அவை இல்லை. அப்படி இரண்டு முறை திரும்பியவர் மூன்றாம் முறை வரமாட்டார். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

அடுத்து நடந்தது, 'நீண்ட காலம்' என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான விளக்கம். செவிலியர்கள் பணியிடத்தில் இருப்பதை உறுதிசெய்ய, நேரமும் தேதியும் பதியும் முத்திரைக் கருவி தரப்பட்டது. வராத நாளுக்குச் சம்பளப் பிடித்தம் என்றும் அறிவிக்கப்பட்டது. முதல் ஆறு மாதத்தில் வருகை ஏறத்தாழ இரட்டிப்பானது. அங்கேயே ஆய்வை முடித்திருந்தால் மாபெரும் வெற்றி என்று எழுதியிருப்பார்கள். ஆனால் தொடர்ந்து பார்த்தார்கள். பதினாறு மாதம் ஆனபோது, கண்காணிக்கப்பட்ட நிலையங்களுக்கும் மற்றவற்றுக்கும் வித்தியாசமே இல்லை.  கூட்டம், பயிற்சி, வேறு பணி என்று காரணம் காட்டி வராத நாட்களுக்கு நிர்வாகமே விலக்கு அளித்துக்கொண்டே வந்தது. திட்டத்தை நிர்வாகத்தின் பழக்கம் மெல்ல மெல்ல விழுங்கிவிட்டது. ஆறு மாதத்தில் தெரிவது புதிதாக வந்த ஒன்றின் வேகம். அந்த வேகம் அடங்கிய பிறகு எது மிஞ்சுகிறதோ அதுதான் சேவை.

பத்து ஆண்டில் ஒரு சாவு

காத்திருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம் வெறும் கணக்கு. ஐயாயிரம் பேர் வாழும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு இருபது பிறப்பு என்றால் ஆண்டுக்கு நூறு குழந்தைகள். அங்கே தாய் இறப்பு விகிதம் லட்சத்துக்கு நூறு என்று வைத்தால், சராசரியாகப் பத்து ஆண்டுக்கு ஒரு தாய் இறப்பார். 'எங்கள் நிலையத்தில் ஐந்து ஆண்டாகத் தாய் இறப்பே இல்லை' என்று அங்கே பணிபுரிபவர் பெருமையோடு சொல்லலாம். அந்தப் பெருமையில் தவறில்லை. ஆனால் அவர் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் அது நடந்திருக்க வாய்ப்பு நிறையவே உண்டு. அடுத்த ஆண்டு ஒரு சாவு நேர்ந்தால், உடனே அவரை மேலிடத்துக்கு அழைத்து விளக்கம் கேட்பதும் அதே அளவுக்கு அர்த்தமில்லாதது. சிசு இறப்பும் அப்படித்தான். ஆயிரத்துக்கு முப்பது என்றால் ஆண்டுக்கு மூன்று குழந்தைகள். ஒரு வருடம் மூன்று, மறு வருடம் ஐந்து என்று ஆவது தற்செயலாகவே நடக்கும். சின்ன ஊரின் ஓராண்டு விகிதத்தை வைத்துத் தரவரிசை போடும் அதிகாரி, பகடை உருட்டலுக்குத் தரவரிசை போடுகிறார்.

அதற்காகச் சாவை எண்ணாமல் விடச் சொல்லவில்லை. சிறிய இடத்தில் சாவை விகிதமாக எண்ணிப் பயனில்லை, ஒவ்வொன்றையும் கதையாக விசாரிக்க வேண்டும். வீட்டுக்குப் போய், குடும்பத்தோடு உட்கார்ந்து, அறிகுறி எப்போது தொடங்கியது, யார் முதலில் பார்த்தார், வண்டி எப்போது கிடைத்தது, எந்த மருத்துவமனை வாசலில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று நேரவரிசையில் கேட்டு எழுதுவது. பத்து ஆண்டில் அப்படி முப்பது கதைகள் சேர்ந்தால், சேவை எந்தப் படியில் மீண்டும் மீண்டும் நழுவுகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். விகிதாசாரம் சொல்லாததை அது சொல்லும்.

முதல் சில ஆண்டுகளில் ஒரு நல்ல சேவை, மோசமான சேவைபோலத் தோன்றும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்தை வீடு வீடாகப் பார்க்கத் தொடங்கினால் நோயாளிகள் எண்ணிக்கை திடீரென்று ஏறும். வீட்டில் நேர்ந்த குழந்தைச் சாவுகளை ஒளிக்காமல் பதிந்தால் இறப்பு விகிதம் கூடும். மேல் சிகிச்சைக்குச் சரியாக அனுப்பத் தொடங்கினால் மருத்துவமனைச் சேர்க்கை கூடும். புதிதாக வந்த மருத்துவர் கெட்ட பெயர் வாங்குவதும், எதையும் தேடிப் பார்க்காத முந்தையவர் நல்ல பெயரோடு போவதும் இந்த அளவீட்டுப் பிழையால் நடப்பதுண்டு. ரத்த அழுத்தத்தில் 'பாதியின் விதி' என்று ஒன்றைப் பல காலமாகச் சொல்வார்கள். நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்குத்தான் அது தெரியும், தெரிந்தவர்களில் பாதிப் பேர் மருந்து எடுப்பார்கள், எடுப்பவர்களில் பாதிப் பேருக்குத்தான் கட்டுக்குள் இருக்கும். அதாவது எட்டில் ஒருவர். 'எங்களிடம் மருந்து வாங்குபவர்களில் பாதிப் பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது' என்று எழுதும் நிலையமும், ஊரில் நோய் உள்ள எல்லோரையும் பகுதியில் வைத்து 'எட்டில் ஒருவர்' என்று எழுதும் நிலையமும் ஒரே நிலையமாக இருக்கலாம். இரண்டாவது எண்ணை எழுத மனத்துணிவு வேண்டும். இருபது ஆண்டில் அந்த எட்டில் ஒன்று, பாதியாக ஆனதா என்று பார்ப்பதுதான் நேர்மையான அளவை.

எதோடு ஒப்பிடுவது?

இருபது ஆண்டில் சிசு இறப்பு பாதியாகக் குறைந்துவிட்டது, சரி. ஆனால் அதே காலத்தில் சாலை வந்தது, பெண்கள் படித்தார்கள், குடிநீர் வந்தது, கையில் கொஞ்சம் பணமும் வந்தது. குறைந்ததில் சுகாதார நிலையத்தின் பங்கு எவ்வளவு? ஒப்பிட இன்னொரு ஊர் இல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் வேண்டுமென்றே ஓர் ஊருக்குச் சேவை தராமல் விட்டுவைக்கவும் கூடாது. இந்தச் சிக்கலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1940ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில் போலேலா என்ற இடத்தில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி தொடங்கிய சுகாதார நிலையத்தின் வழி. ஊட்டச்சத்துக் குறைவும் கிரந்தி என்ற பால்வினை நோயும் காசநோயும் பீடித்த, ஜூலு மக்கள் வாழும் மலைப்பகுதி அது. எல்லா வீடுகளையும் ஒரே நேரத்தில் கவனிக்க ஆள் போதாது. எனவே நிலையத்தைச் சுற்றிய சிறு வட்டாரத்தில் தொடங்கினார்கள். அங்கே ஒவ்வொரு வீட்டையும் வரைபடத்தில் குறித்து, ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, உள்ளூரிலேயே பயிற்சி பெற்றவர்களை வீடு வீடாக அனுப்பினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் புதிய வட்டாரங்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். சேர்க்கும்போதே முழுக் கணக்கெடுப்பு. இதில்தான் அந்த முறையின் அழகு. இந்த ஆண்டு புதிதாகச் சேரும் வட்டாரம், ஏற்கெனவே சில ஆண்டுகளாகச் சேவை பெற்ற வட்டாரத்துக்குத் தானாகவே ஒப்பீடாகிவிடும். யாரையும் ஒதுக்கவில்லை, எல்லோருக்கும் முறை வரும். ஆள்பற்றாக்குறை என்ற குறையையே அளவுகோலாக மாற்றிவிட்டார்கள்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு கோஸ்டா ரிக்கா ஒரு நாடளவில் அதே தர்க்கத்தில் அளக்க வழிவிட்டது. 1995ல் தொடங்கி, நாட்டைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவக் குழுவைத் தந்தார்கள். சேவை குறைந்த இடங்களுக்கு முதலில். குழுவில் ஒருவரின் வேலையே வீடு வீடாகப் போவது. எல்லாப் பகுதிக்கும் ஒரே ஆண்டில் குழு போகவில்லை என்பதால், முன்னால் பெற்ற இடங்களையும் பின்னால் பெற்ற இடங்களையும் ஒப்பிட முடிந்தது. சீர்திருத்தம் வந்து கூடுதலாக ஒவ்வோர் ஐந்தாண்டு கழியும்போதும் குழந்தை இறப்பு 13 சதவீதமும், பெரியவர்கள் இறப்பு 4 சதவீதமும் குறைந்ததாக லூயிஸ் ரொசேரோ பிக்ஸ்பியின் ஆய்வு கணக்கிட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசியும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் அந்த ஆண்டே பலன் தரும். பெரியவரின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்துவது பல ஆண்டு கழித்துத்தான் உயிராக மிஞ்சும். ஐந்தாண்டுத் திட்டக் காலத்துக்குள் மதிப்பிட்டால் இரண்டாவதன் பெரும்பகுதி கண்ணில் படாது.

பிரேசில் 1994ல் தொடங்கிய குடும்ப நலத் திட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு வேகத்தில் பரவியது. வருமானம், தாயின் கல்வி, குடிநீர் போன்றவற்றைக் கணக்கில் கழித்த பிறகும், திட்டம் எட்டியவர்களின் விகிதம் 10 சதவீதம் கூடினால் சிசு இறப்பு 4.5 சதவீதம் குறைந்தது என்று 1990 முதல் 2002 வரையிலான தரவை வைத்துக் கண்டார்கள்.

வங்கதேசத்தின் மத்லப் என்ற கிராமப் பகுதியில் நடந்தது இன்னும் ஆழமானது. 1966 முதல் அங்கே ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் இடப்பெயர்வும் வீட்டுக்கே போய்ப் பதியப்படுகிறது. 1977ல் அந்தப் பகுதியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய்த் தாய்சேய் நலமும் குடும்பக் கட்டுப்பாடும் தந்தார்கள். மறு பாதியில் வழக்கமான அரசு சேவை. தொடக்கத்தில் இரண்டுக்கும் இடையே தெளிவான இடைவெளி. பிறகு அரசு சேவையும் முன்னேற, பிறப்பு விகிதத்தில் இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. 'பலன் தேய்ந்துவிட்டது' என்று இதைப் படிக்கலாம். 'ஒப்பீட்டு ஊர் எட்டிப்பிடித்துவிட்டது, அது நல்லதே' என்றும் படிக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. முன்னதாகச் சேவை பெற்ற கிராமங்களில் அந்த ஆண்டுகளில் பிழைத்த குழந்தைகள் இன்று பெரியவர்கள். அந்த உயிர்கள் இடைவெளி சுருங்கியதால் கணக்கிலிருந்து போய்விடாது.

ஒரு மருத்துவர், ஒரு சுரங்கக் கிராமம்

இவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லாமலும் முடியும் என்று காட்டியவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். தெற்கு வேல்ஸின் கிளின்கோருக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் 1961ல் மருத்துவராகச் சேர்ந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். 'தேவை எங்கே அதிகமோ அங்கே நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கும்' என்ற தலைகீழ் விதியை 1971ல் எழுதியவர் இவர்தான். அந்த விதியைத் தன் ஊரிலேயே உடைத்துப் பார்க்க முடிவெடுத்தார். வயது வந்த அத்தனை பேருக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பது என்று தொடங்கினார். வருபவர்கள் எந்த நோய்க்காக வந்தாலும் பார்ப்பது, வராதவர்களைத் தேடிப்போவது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத நாற்பது வயது ஆண், மருத்துவரிடம் தானாக எதற்கு வருவார்? அவரைத் தேடிப்போனால்தான் உண்டு. கிராமத்தில் யார் யார் இன்னும் பார்க்கப்படவில்லை என்ற பட்டியல்தான் அவருடைய கருவி.

இருபத்தைந்து ஆண்டுக் கணக்கை 1991ல் வெளியிட்டார். 65 வயதுக்குள் நேர்ந்த இறப்பு, அதேபோன்ற பக்கத்துச் சுரங்கக் கிராமத்தைவிட ஏறத்தாழ 28 சதவீதம் குறைவு. சிறிய ஊர், ஒரே ஓர் ஒப்பீட்டுக் கிராமம். கறாராகப் பார்ப்பவர்கள் தற்செயலின் பங்கைக் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனாலும் கால் நூற்றாண்டு ஒரே மக்களை, பெயர் பெயராக, விடாமல் எழுதி வைத்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே இடம் கிடைத்தது. சுரங்கம் மூடி, வேலையின்மை பரவி, ஊர் நலிந்துகொண்டிருந்த காலத்தில் இது நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அவர் அங்கேயே இருந்தார் என்பது இதில் எவ்வளவு பெரிய காரணம்? நார்வேயில் 2001 முதல் ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்த மருத்துவர் உண்டு. நாற்பத்தைந்து லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒரே மருத்துவரிடம் பதினைந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்தவர்களுக்கு, ஓராண்டே தொடர்ந்தவர்களைவிட அவசர மருத்துவமனைச் சேர்க்கை 28 சதவீதமும் இறப்பு 25 சதவீதமும் குறைவாக இருந்தது. ஆண்டுகள் கூடக்கூடப் பலனும் படிப்படியாகக் கூடியது. இதற்கு எதிர்முனையில், ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் பழங்குடியினர் வாழும் தொலைதூர மருத்துவ நிலையங்களில் 2013 முதல் 2015 வரை பணியாளர் மாற்றம் ஆண்டுக்குச் சராசரியாக 148 சதவீதம். பத்து இடத்தில் ஓராண்டில் பதினைந்து பேர் விட்டுப்போகிறார்கள். பணியிடம் எல்லாம் 'நிரம்பியுள்ளது' என்று அறிக்கை சொல்லும். ஆனால் நோயாளி ஒவ்வொரு முறையும் புது முகத்திடம் தன் கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எனவே காலிப் பணியிடங்களை மட்டும் எண்ணாமல், இன்று பணியில் இருப்பவர்கள் எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்வேன். இதைவிட மலிவான, இதைவிட அதிகம் சொல்லும் அளவுகோல் கிராமப்புற சேவைக்கு வேறில்லை என்றே நினைக்கிறேன். அவர்கள் ஏன் போகிறார்கள் என்பது (குடியிருப்பு, பிள்ளைகளின் படிப்பு, தனியாக இரவுப் பணி பார்க்கும் பயம்) மருத்துவத் தரவில் வராது. ஆனால் மருத்துவத் தரவில் பத்து ஆண்டு கழித்துத் தெரியும் சரிவுக்கு வேர் அங்கேதான் இருக்கும்.

இலக்கு வைத்து ஊக்கத்தொகை தந்தால் என்ன என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. பிரிட்டனில் 2004ல் பொது மருத்துவர்களுக்குத் தர அளவைகளோடு வருமானத்தை இணைத்தார்கள். அதற்கு முன்பே ஏறிக்கொண்டிருந்த தரம் சில நோய்களில் கொஞ்சம் வேகமெடுத்தது, இலக்கைத் தொட்டதும் நின்றுவிட்டது. காசு இணைக்கப்படாத சில அம்சங்களில் தரம் குறைந்தது. ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பதும் குறைந்தது. ஒன்றை அளந்தால் அளக்காத வேறொன்று நழுவும் என்பதால், இலக்கு வைக்கும் இடத்தில் இலக்கில்லாத இரண்டு மூன்று அளவைகளையும் அமைதியாகக் கவனித்து வர வேண்டும்.

வெள்ளோட்டத்துக்கும் பரவலாக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் தனியாக எழுத வேண்டிய பெரிய கதை. கானாவின் நவ்ராங்கோவில் 1994ல் தொடங்கிய சோதனை, பயிற்சி பெற்ற செவிலியரைக் கிராமத்திலேயே குடியமர்த்தினால் குழந்தை இறப்பு குறைகிறது, தன்னார்வலர்களை மட்டும் விட்டால் குறையவில்லை என்று காட்டியது. நாடே அந்தக் கொள்கையை ஏற்றது. ஆனால் வெள்ளோட்டத்தில் இருந்த கவனமும் மேற்பார்வையும் எல்லா மாவட்டங்களுக்கும் கூடவே போகவில்லை, பரவல் மெதுவாகவே நடந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் சேவையும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, முதல் ஊரின் எண்ணை நூறாவது ஊருக்கும் எழுதிவிடுவது பெரும் தவறு.

சின்ன நிலையத்தால் எது முடியும்?

ஆராய்ச்சியாளர்கள், கணினி, பெரும் பணம் எதுவும் இல்லாத நிலையத்துக்கு ஒரு வழி இருக்கிறது. தொழிற்சாலைகளில் சரக்கின் தரத்தைச் சோதிக்கப் பிறந்த முறை அது. ஒரு செவிலியரின் எல்லைக்குள் குலுக்கல் முறையில் 19 வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு கேள்வி: இந்த வீட்டுக் குழந்தைக்கு உரிய தடுப்பூசிகள் எல்லாம் போட்டாயிற்றா? எண்பது சதவீதம் இலக்கு என்றால், 19ல் 13 வீடாவது 'ஆம்' சொல்ல வேண்டும். 12 அல்லது குறைவு என்றால் அந்த எல்லையில் ஏதோ சரியில்லை, உடனே போய்ப் பார்க்க வேண்டும். துல்லியமான சதவீதத்தை இது தராது. எங்கே முதலில் கவனிக்க வேண்டும் என்பதைத் தரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்து ஆண்டு இதைச் செய்தால், எந்தப் பெரிய கணக்கெடுப்பும் தராத ஒரு வரலாறு கையில் இருக்கும். முக்கியமாக, இந்த 19 வீடுகளில் நிலையத்துக்கு ஒருமுறைகூட வராத வீடுகளும் இருக்கும்.

அளவைகள் எட்டோ பத்தோ போதும். ஆனால் அவற்றின் வரையறை மாறக் கூடாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படிவம் மாறி, 'முழுமையான கர்ப்பகாலப் பரிசோதனை' என்பதற்கு நான்கு முறை என்றிருந்தது எட்டு முறை என்று ஆனால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே கோட்டில் வரைய முடியாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால், குறைந்தது ஓராண்டாவது இரண்டு வரையறையிலும் எண்ண வேண்டும். இதைச் செய்யாமல் தூக்கிப்போட்ட பதிவேடுகளால் இழந்த அறிவு எவ்வளவு என்று நினைத்தாலே வலிக்கிறது.

அந்த எட்டுப் பத்தில் ஒன்று, மக்களின் வாயிலிருந்து வர வேண்டும். நிலையத்தின் வாசலில் நின்று 'திருப்தியா?' என்று கேட்டால் எல்லோரும் திருப்தி என்றுதான் சொல்வார்கள், நாளைக்கும் அவர்கள் அங்கேதான் வர வேண்டும். வீட்டில், நிலையத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் கேட்க வேண்டும். கேள்வியும் குறிப்பாக இருக்க வேண்டும்: கடைசியாக உடம்புக்கு முடியாமல் போனபோது முதலில் எங்கே போனீர்கள்? ஏன் அங்கே? எவ்வளவு செலவானது? அந்தப் பதில்களில், நிலையத்தைத் தாண்டி வெகுதூரம் போனவர்கள் எத்தனை பேர் என்பதே பல அறிக்கைகளுக்குச் சமம்.

கடைசியாக ஒன்று. நல்ல மதிப்பீடு வந்தாலும் சேவை நீடிக்கும் என்ற உறுதி இல்லை. போலேலாவைப் பார்த்து, 1944ல் தென்னாப்பிரிக்காவின் குளுக்மன் ஆணையம் நாடு முழுக்க 400 சுகாதார நிலையங்கள் வேண்டும் என்றது. ஏறத்தாழ நாற்பதுதான் எழுந்தன. 1948ல் நிறவெறி அரசு வந்தது, பணம் படிப்படியாக வற்றியது, 1950களின் இறுதியில் கார்க் தம்பதி நாட்டைவிட்டே போனார்கள். சேவை தோற்றதால் அது முடியவில்லை. யாருக்காக நடந்ததோ அந்த மக்கள் ஆட்சிக்கு வேண்டாதவர்களாக இருந்தார்கள் என்பதால் முடிந்தது. 1957ல் ஜேக் கைகர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர் அங்கே சில மாதம் தங்கிப் படித்திருந்தார். பத்து ஆண்டு கழித்து மிசிசிப்பியின் மவுண்ட் பாயோ என்ற ஏழைக் கறுப்பின மக்களின் ஊரில் அவர் ஒரு சுகாதார நிலையத்தைத் திறந்தார். ஊட்டச்சத்தில்லாத குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவு என்று எழுதிக் கொடுத்தது அந்த நிலையம்தான். அமெரிக்காவின் சமூக சுகாதார நிலையங்கள் பெருகியது அதையும் பாஸ்டனில் அவர் தொடங்கிய இன்னொன்றையும் தொடர்ந்துதான். போலேலாவின் பலனைக் கணக்கிட நினைப்பவர் இதையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.